சின்ன தொடக்கப் பள்ளியில செய்தின்னு சொல்ல அப்படி என்ன இருக்கு?

எங்க ஸ்கூல்ல தெனமும் இருக்குங்க, அதுல பாதி நான் வெளிய சொல்லக் கூடாதது.

நாங்க ஏற்காட்டுல இருந்து நாகலூர் போற பக்கம். பையன் மூணாவது, பொண்ணு ஒண்ணாவது, ரெண்டு பேரும் ஊர்லயே இருக்கற பஞ்சாயத்து யூனியன் ஸ்கூல்தான். மொத்தம் 23 புள்ளைங்க, ரெண்டே டீச்சர், அதுல ஒருத்தங்கதான் எச்எம். 2024ல பள்ளி மேலாண்மைக் குழுவ புதுசா போட்டப்ப 24 உறுப்பினர் வேணும்னாங்க, அதாவது புள்ளைங்கள விட கமிட்டியில ஒரு ஆள் ஜாஸ்தி! நானும் அதுல இருக்கேன், என் நாத்தனாரும் இருக்கா, கூட்டம்னு போனா பாதி நேரம் எங்க சொந்தக் கதைதான்.

செய்திக்கு வரேன். காலைல ப்ரேயர்ல குறள் சொன்னதும் ஒரு புள்ள செய்தி வாசிக்கணும் இல்லையா, ஆனா பேப்பர் சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வந்து அங்கிருந்து எங்க ஊர் டீக்கடைக்கு வர்றப்ப பத்து பத்தரை ஆயிடும். பாத்தாங்க டீச்சர், நீங்களே ஊர்ச் செய்திய எழுதிட்டு வாங்கன்னுட்டாங்க. முதல் வாரம் எல்லாம் எங்க வீட்டு மாடு கன்னு போட்டுச்சு, ஆட்டைக் காணோம், இப்படியே போச்சு. அப்புறம் ஒரு நாள் நாலாவது படிக்கற பொண்ணு வாசிச்சுது: "நேற்று இரவு எங்கள் காப்பித் தோட்டத்தில் மூன்று காட்டெருமை வந்தது. பெருசு ஒன்று, சிறுசு இரண்டு. நாய் குரைக்கவில்லை." அந்தக் கடைசி வரிய கேட்டதும் டீச்சர் நேரா எங்களுக்கு ஃபோன் போட்டுட்டாங்க, ஏன்னா அந்தத் தோட்டத்து வழியாத்தான் ஏழெட்டு புள்ளைங்க நடந்து வருதுங்க. அன்னைல இருந்து காலைல சாயங்காலம் யாராவது ஒரு பெரியவங்க கூட வர்றதுன்னு முறை வெச்சிருக்கோம், சில்வர் ஓக் மரத்தடி வரைக்கும் எனக்கு புதன்கிழமை.

என் மானம் போனதும் இதே செய்தியிலதான். என் பையன் எந்திரிச்சு "எங்கம்மா ரேஷன் சக்கரைய எதிர் வீட்டுக்கு வித்துட்டாங்க"ன்னு கணீர்னு வாசிச்சிருக்கான், மத்தியானத்துக்குள்ள ஊரே கேக்குது. வித்தது நெசம்தான், அதுக்குன்னு! டீச்சர்கிட்ட போய் வீட்டு விஷயம் வேண்டாம்னு சொல்லிடுங்கன்னு கெஞ்சினேன், சொல்லியும் பாத்தாங்க, "அப்ப வேற என்ன டீச்சர் செய்தி"ன்னு அவன் திருப்பிக் கேட்டானாம்.

சிரிக்கற மாதிரியே எல்லாம் இருக்காது. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் காப்பிப்பழம் எடுக்கற சீசன், பெத்தவங்க விடியறப்பவே தோட்டத்துக்குப் போயிடுவோம், பெரிய புள்ளைங்க கைக்குழந்தைய பாத்துக்க வீட்டுல நின்னுடும். முன்னெல்லாம் கடுங்காப்பிய குடிச்சுட்டு வந்து மயங்கி உக்காந்திருக்கும். 2023 ஆகஸ்ட்ல காலைச் சாப்பாடு எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்தப்புறம் அது கொறஞ்சிருக்கு, மகளிர் சுய உதவிக் குழுப் பொம்பளைங்க சமைக்கறாங்க, பொங்கல் போடற அன்னைக்கு தம்பிய இடுப்புல தூக்கிட்டாவது வந்துடுதுங்க. அந்தத் தம்பிக்கு தட்டு கணக்குல வராது, ஆனா அவன் பட்டினியா போய் நான் பாத்ததில்ல.

போன சீசன்ல ஒரு பையன் "அம்மாவுக்கு ரெண்டு வாரக் கூலி வரல"ன்னு வாசிச்சான். டீச்சர் ஒண்ணும் சொல்லாம அடுத்த பொண்ணைக் கூப்பிட்டாங்களாம். ஆனா அந்த வார கமிட்டி கூட்டத்துல முதல்ல பேசினது அதைத்தான், நாலு பேர் போய் மேஸ்திரிய கேட்டோம், பாதி வந்துச்சு, மீதிக்கு இன்னும் கேட்டுட்டு இருக்கோம்.

ஆண்டு விழா, டான்ஸ் எல்லாம் எல்லா ஸ்கூல்லயும் இருக்கறதுதான். எங்களுக்கு மார்ச்ல, மைக் செட்காரர் இன்னும் ஃபோனே எடுக்கல.