ஒருநாள் ஜிம்முக்குப் போகாவிட்டால் தசை கரைந்துவிடுமா?

திருப்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி: "வயது 31. ஜிம்மில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. வாரம் ஏழு நாளும் போகிறேன். ஒரு மாதமாக, முன்பு தூக்கிய எடையையே தூக்க முடியவில்லை. இரவில் தூக்கமும் சரியில்லை. ஒருநாள் விட்டாலும் தசை கரைந்துவிடும் என்கிறார் பயிற்சியாளர். லீவு போடலாமா?"

போடுங்கள். முதலில் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் போடுங்கள். ஒருநாளில் கரைந்துபோகத் தசை என்ன கற்பூரமா? இரண்டு மூன்று வாரம் அடியோடு நிறுத்தினால்தான் வலு குறைவது தெரியவரும்.

ஜிம்மில் தசை வளர்வதில்லை; அங்கே அது அடிதான் வாங்குகிறது. செப்பனிட்டுக் கட்டும் வேலை அடுத்த 24 முதல் 48 மணி நேரம் நடக்கிறது. அதற்குள் அதே தசையை மறுபடி வாட்டுவது, நேற்றுப் போட்ட தளத்துக்குக் கொடுத்த முட்டுகளை இன்றே பிரிப்பது போல. வாரம் மூன்று, நான்கு நாள் தாராளம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையே தசைப் பயிற்சிக்கு 'வாரம் இரண்டு நாளாவது' என்றுதான் கேட்கிறது. இன்னும் இரண்டு முறை தூக்கலாம் என்று தோன்றும்போதே எடையைக் கீழே வைத்துவிடுங்கள். பின்னால் நின்று "இன்னும் ஒன்று" என்று கத்துபவருக்கு மறுநாள் கை வலிக்கப் போவதில்லை.

எடை தூக்க முடியவில்லை என்று சொன்னதும் உங்கள் பயிற்சியாளர் ஓய்வெடுக்கச் சொன்னாரா, புரதத் தூள் டப்பாவை நீட்டினாரா? என்னிடம் வருகிறவர்கள் பலருக்கு டப்பாதான் கிடைத்திருக்கிறது. அதிலுள்ள 14 இலக்க எண்ணைக் காட்டி, அரசாங்கமே சான்று கொடுத்ததாகச் சொல்வார்கள். அது தொழில் நடத்த வாங்கிய உரிம எண். உங்கள் டப்பாவைச் சோதித்ததற்கான சான்று அல்ல. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது, கமிஷன் இல்லாமல். தசை வளர ஊசி என்று பேச்செடுத்தால், கட்டிய ஆண்டுச் சந்தா போனால் போகிறது, அன்றே வெளியேறுங்கள். தெருவோர இட்லிக் கடைக்கே பதிவு கேட்கிற நாட்டில், பனியனில் 'கோச்' என்று அச்சடித்துக்கொண்டவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. புகார் கொண்டுபோனால் "எங்கள் துறை இல்லை" என்பார்கள்.

சாதாரண உடல்வலிக்கு ஓய்வு போதும். ஒரு நிலைக்கு மட்டும் அது போதாது. கடும் பயிற்சிக்குப் பின் ஓரிரு நாளில் சிறுநீர் பால் ஊற்றாத டீ நிறத்தில் போனால், சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். தண்ணீர் குறைந்தால் வரும் அடர்மஞ்சள் அல்ல, பீட்ரூட் சிவப்பும் அல்ல. கோலா போன்ற கரும்பழுப்பு. புதிதாகச் சேர்ந்த வாரத்திலும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு பழைய வேகத்திலேயே தொடங்கும்போதும் இது அதிகம். 'சூடு' என்று சொல்லி இளநீர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடவே போடாதீர்கள். சிறுநீரகம் மேலும் கெடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், தசைச் சிதைவைக் காட்டும் 'கிரியாட்டின் கைனேஸ்' இரத்தச் சோதனை பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். கிரியாட்டினின் என்பது சிறுநீரகத்துக்கான வேறு சோதனை. பெயர் ஒத்திருப்பதால் அதை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு.

உங்களுக்கு அப்படி எதுவும் இருப்பதாக எழுதவில்லை. ஐந்து நாள் கழித்துப் பழைய எடையில் பாதியோடு தொடங்குங்கள். இரண்டு வாரத்திலும் தூக்கம் சரியாகாவிட்டால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடலாம்.