மூன்று மணி விழிப்பு

கேள்வி: எனக்கு 58 வயது. இரவு 3 மணிக்கு விழித்தால் விடியும்வரை புரண்டுகொண்டே கிடக்கிறேன். பாலில் ஜாதிக்காய் கலந்து குடிக்கலாமா? (வாசகி, கரூர்)

பதில்: நானும் உங்கள் கட்சிதான் அம்மா! மில்லில் 22 வருடம் நைட் ஷிப்ட் பார்த்தவன். ஜாதிக்காய் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். ஸ்பூன் கணக்கில் போனால் தலைசுற்றும், படபடக்கும். எனக்குக் கைகொடுத்தது வேறு. மாலை 6 மணிக் காபியை விட்டேன் (வீட்டில் ஒரு வாரம் சிடுசிடுத்தேன், அது தனிக்கதை). காபியிலுள்ள காஃபினில் பாதி, சுமார் 5 மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே இருக்கும். அப்புறம், இருபது நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவேன். கடிகாரமும் செல்போனும் பார்ப்பதில்லை. கண் சொக்கினால்தான் மறுபடி பாய். எப்போது தூங்கினாலும் காலை 5.30க்கு எழுந்துவிடுவேன். குறட்டை பலமாக இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.