பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி போதைப் பரிசோதனையில் மாட்டினால் என்ன தண்டனை? ஆறு மாதத் தடையெல்லாம் ஒரு தண்டனையா?

முதல் தடவைக்கு ஆறு மாதம் போதும் என்பது என் கருத்து. நான் பணம் கட்டாமல் ஐரோப்பிய ரேஸ்களை வேடிக்கை பார்க்கும் ரகம், அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரான்கி டெட்டோரி என்ற ஜாக்கி 1996இல் இங்கிலாந்தின் அஸ்காட் களத்தில் ஒரே நாளில் ஏழு பந்தயங்களிலும் ஜெயித்தவர். 2012 செப்டம்பரில் பாரிஸின் லாங்ஷாம்ப் களத்தில் எடுத்த மாதிரியில் கொகைன் தெரிந்து, ஆறு மாதத் தடை வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போட்ட தடைதானே, இங்கிலாந்தில் ஓட்டலாமே என்றால் முடியாது. பிரிட்டனிலும் அது அப்படியே செல்லும். 2013 மே மாதம் திரும்பினார். 2015இல் கோல்டன் ஹார்ன் மீதேறி இங்கிலாந்தின் எப்சம் டெர்பி, பிரான்ஸின் ஆர்க் என்ற இரண்டு பெரிய பந்தயங்களையும் ஜெயித்தார். அவரை ஒரேயடியாக வெளியே அனுப்பியிருந்தால் யாருக்கு லாபம்?

இரண்டாம் தடவை என்றால் கதை வேறு. ஆறு முறை பிரிட்டிஷ் சேம்பியன் ஜாக்கியான கீரன் ஃபாலனுக்கு 2006இல் முதலில் ஆறு மாதம். மறு வருஷம் மறுபடி மாட்டினார், 18 மாதம். இதில் கொடுமை, பந்தய மோசடி வழக்கில் லண்டன் நீதிமன்றம் அவரை விடுவித்த கையோடு இந்தச் செய்தி வெளியே வந்ததுதான்.

இன்னொரு ஜாக்கி ஓஷீன் மர்ஃபியின் விவகாரம் இன்னும் விசித்திரம். 2020இல் மாட்டியபோது, நான் எடுக்கவில்லை, எடுத்த ஒருவரோடு நெருக்கமாக இருந்ததில் உடம்பில் கலந்துவிட்டது என்றார். எடுக்கவில்லை என்பதற்கு முடிப் பரிசோதனை முடிவையும் காட்டினார். தடை மூன்று மாதமானது, ஆனால் ரத்தாகவில்லை. அதுவும் குளிர்காலத்தில் வந்ததால் அவர் ஓட்டும் பெரிய ஐரோப்பியப் பந்தயங்கள் எதுவும் போகவில்லை. 2021இலும் அவரே சேம்பியன்! மாதக் கணக்கைவிட எந்த மாதம் என்பதுதான் வலிக்கும்.

எடுக்கவில்லை என்றாலும் ஏன் தடை? அரை டன் குதிரை மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும்போது, பக்கத்தில் வருபவர் தடுமாறினால் விழுவது மற்றவர்களும்தான். மாதிரியில் இருந்தாலே குற்றம் என்று வைத்தது சரி.

ஆனால் ஜாக்கியின் உடம்பில் இருக்கும் கொகைனால் குதிரை வேகமாக ஓடாது. குதிரைக்கே மருந்து கொடுப்பதுதான் ஏமாற்று, அதற்குத் தண்டனையும் அப்படித்தான். டெட்டோரி தடையில் இருந்த 2013 ஏப்ரலில், அவர் பல வருஷம் ஓட்டிய கோடால்ஃபின் லாயத்தின் பயிற்சியாளர் மஹ்மூத் அல் சரூனி குதிரைகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்ததாகச் சிக்கினார். அவருக்கு விழுந்தது எட்டு வருஷம்.