பழைய அம்பாசடருக்கு காயில் பேக் தேவையா?

கேள்வி: அண்ணே, எனக்க கிட்ட 1985 மாடல் பெட்ரோல் அம்பாசடர் இருக்கு, அப்பா ஓட்டுன வண்டி. மழை பெய்ஞ்சா காலையில ஸ்டார்ட் ஆவாது, ஸ்டார்ட் ஆனாலும் மிஸ்ஸிங் அடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர (ஒரே காயில்ல இருந்து வாற கரண்ட பிளக்குகளுக்கு முறை வச்சு பிரிச்சு விடுற பாகம்) தூக்கிட்டு புது வண்டி மாதிரி காயில் பேக் (டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாம பிளக்குக்கு பொறி குடுக்குற காயில் செட்) போட்டு தாறேன்னு ஒரு மெக்கானிக் சொல்லுகாரு. போடலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: தம்பி, அவசரப்பட்டு கழத்தாண்டாம். நம்ம மாவட்டத்துக்கு ஜூன்ல ஒரு மழை, ஐப்பசியில இன்னொண்ணு, உங்க ஊர்ல உப்புக்காத்து வேற. ராத்திரி பானெட்ட தூக்கி வச்சு எஞ்சின ஓடவிட்டு இருட்டுல பாருங்க, பிளக் ஒயர் மேல நீலமா பொறி ஊர்ந்துச்சுன்னா கரண்டு வெளிய கசியுதுன்னு அர்த்தம், கைய மட்டும் வச்சிராதீங்க, ஆயிரக்கணக்குல வோல்ட் அது. ஆஃப் பண்ணிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியான கேப்ப கழத்தி உள்பக்கத்த வெளிச்சத்துல திருப்பி பாருங்க, ஒரு முனையில இருந்து அடுத்த முனைக்கு பென்சில்ல கீறுன மாதிரி கருப்பு கோடு இருந்தா அந்த கேப்ப தூரப் போடுங்க, துடைச்சு ஓட்டுனாலும் திரும்ப வரும். கேப், ரோட்டார் (கேப்புக்குள்ள சுத்தி கரண்ட பங்கு வைக்குற துண்டு), ஒயர் செட் மூணும் மாத்தி பாத்துட்டு பிறகு பெரிய வேலைய யோசிங்க.

காயில் பேக் மோசம்னு சொல்லல. நாலு சிலிண்டர 1-4, 2-3ன்னு ரெண்டு ஜோடியா பிரிச்சு ஜோடிக்கு ஒரு காயில், ரெண்டு பிளக்குலயும் ஒரே நேரம் பொறி அடிக்கும், அதுல ஒண்ணு எக்ஸாஸ்ட் நேரத்துல சும்மா வீணா போவும். லாபம் என்னன்னா, 3000 ஆர்பிஎம்ல ஒத்த காயிலா இருந்தா செகண்டுக்கு 100 தடவ அடிக்கணும், ரெண்டு காயில்னா ஆளுக்கு 50 தான், ரெடியாக நேரம் கிடைக்கும். ஆனா நாகர்கோவில் டிராஃபிக்ல போற அம்பாசடருக்கு இது என்னத்துக்கு? போட்டா கிராங்க் புல்லியில பல்லுச்சக்கரம், அத படிக்க சென்சார், அட்வான்ஸ் கணக்கு (வேகத்துக்கு ஏத்தபடி பொறிய எவ்வளவு முந்தி அடிக்கணும்னு) பாக்க ஒரு இசியூங்குற கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் வேணும், இப்ப அந்த கணக்க டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்குற ஸ்பிரிங்கும் வெயிட்டும் வேக்குவமும் சேந்து சத்தமில்லாம பாத்துகிட்டு கிடக்கு. வழியில சென்சார் போனா எந்த ஒர்க்‌ஷாப்புல பாப்பீங்க? கார்புரேட்டர தூக்கிட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாத்துற ஐடியா இருந்தா மட்டும் இந்த செலவுக்கு அர்த்தம் உண்டு.

எனக்க ஆலோசனை நடுவழி. டிஸ்ட்ரிபியூட்டர் அப்படியே இருக்கட்டும், உள்ள பிளாட்டினத்தையும் (காயில் கரண்ட விட்டு விட்டு துண்டிக்குற பாயின்ட்) கண்டன்சரையும் (அந்த பாயின்ட் கருகாம காக்குற பாகம்) எடுத்துட்டு அந்த வேலைய பாக்குற எலக்ட்ரானிக் மாடியூல் போடுங்க. பிளாட்டினத்துல, சுத்துற கேம் மேல உரசுற ஹீல் தேய தேய பாயின்ட் இடைவெளி குறைஞ்சு டைமிங் பின்னாடி போவும், அந்த தொல்லை இதுல கிடையாது. ஆனா டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்ட பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, ஆடுச்சுன்னா முதல்ல அத தாங்குற புஷ் மாத்தணும், இல்லாட்டி மாடியூல் போட்டும் டைமிங் துள்ளும். கழத்துன பிளாட்டினத்தையும் கண்டன்சரையும் டிக்கியில போட்டு வைங்க, மாடியூல் செத்தா ரெண்டையும் மாட்டி வீடு வந்து சேரலாம், நான் அப்படி ஒரு தடவ தக்கலையில இருந்து வந்திருக்கேன்.

கேள்வி: பத்மினி காருக்கு பிளாட்டினம் மாத்துனா கிரீஸ் வைக்கணுமா?
– வாசகி, குலசேகரம்

பதில்: வைக்கணும்மா, ஹீல் உரசுற கேம்ல தீக்குச்சி முனை அளவு மட்டும். கூடுதலா வச்சா தெறிச்சு பாயின்ட்ல பட்டு கருகிரும். பாயின்ட் இடைவெளிய ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) வச்சு பாருங்க, கண்மதிப்புல வைக்காதீங்க.