வட்டம் சுற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது?

கேள்வி: மகளின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி ‘சமர்ப்பி’ அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிழை என்று எதுவும் வரவில்லை. நெட் சென்டர் தம்பி எஃப்12 அழுத்திப் பார்க்கச் சொன்னார். அதில் எதைப் பார்ப்பது?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தம்பி சொன்னது சரிதான் அம்மா. குரோமில் எஃப்12 அழுத்தி ‘நெட்வொர்க்’ பகுதிக்குப் போங்கள். அதைத் திறந்து வைத்த பிறகு நடப்பதுதான் அதில் பதிவாகும். ஆகவே முதலில் திறந்துவிட்டு, அப்புறம் ‘சமர்ப்பி’ அழுத்துங்கள். படம், எழுத்துரு என்று வரிகள் குவியும். ‘ஃபெட்ச்/எக்ஸ்ஹெச்ஆர்’ வடிகட்டியைத் தட்டினால் பக்கம் பின்னணியில் சர்வரோடு, அதாவது அந்தத் தளத்தை இயக்கும் கணினியோடு, பேசுவது மட்டும் மிஞ்சும்.

சிவப்பு வரி இருந்தால் அதில் ‘ஸ்டேட்டஸ்’ என்ற இடத்திலுள்ள எண்ணைப் பாருங்கள். 401 என்றால் லாகின் காலாவதியாகியிருக்கலாம். திரும்ப உள்ளே நுழையுங்கள். 500 வந்தால் கோளாறு சர்வரில், உங்கள் மேல் தப்பில்லை.

போன வருஷம் புதுச்சேரியில் என் அக்கா மகனுக்கு இதே கதை. முத்தியால்பேட்டை வீட்டில் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்திருந்தோம். திரையில் வட்டம், நெட்வொர்க்கில் 413. அனுப்பிய கோப்பு பெரிது என்று பொருள். செல்போனில் எடுத்த 4 எம்பி புகைப்படத்தை 200 கேபிக்குச் சுருக்கியதும், எல்லாம் சரி என்பதற்கான 200 என்ற எண் வந்தது, விண்ணப்பம் போய்விட்டது. அந்தப் பக்கம் இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். பிள்ளைகளை இப்படித் தவிக்கவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கல்லூரிக்கு எழுதும்போது எண்ணையும் நேரத்தையும் குறிப்பிடுங்கள். வரியைத் தட்டினால் திறக்கும் ‘ஹெடர்ஸ்’ பகுதியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். அதிலுள்ள குக்கீ, அதாவது லாகின் செய்தவரை அடையாளம் காட்டும் குறியீடு, கிடைத்தால் மகளின் கணக்கில் வேறொருவர் நுழைய முடியும்.