படக் குயில்ட்டு கேள்வி-பதில்: வள்ளுவருக்கு எந்தக் கை?

கேள்வி: அக்கா, படக் குயில்ட்டுக்கு (துணித் துண்டுகளால படம் வச்சுத் தைக்குற போர்வை) கன்னியாகுமரி வள்ளுவர் சிலைய அப்ளிக் பண்ணி (துணில வெட்டி மேல வச்சு) ஃபியூசிங் வெப் (சூடு காட்டினா ஒட்டுற, பேப்பர் வச்ச பசைத் தாள்) வச்சு ஒட்டிட்டேன், இப்போ பாத்தா இடது கையத் தூக்கிட்டு நிக்கிறார். என்ன செய்ய?

வலது கையில மூணு விரல், இடது கையில ஓலை, தினமும் பாக்குற சிலைதானே மக்கா! வெப்ல பேப்பர் பக்கம்தான் வரையுறோம், அது துணியோட உள்பக்கம், அதனால படத்த ஜன்னல் கண்ணாடில கவுத்து வச்சு வரையணும். எனக்க முதல் குயில்ட்டுல படகு பேரு திரும்பி விழுந்துட்டு, அத வாசிக்க இன்னைக்கும் முகம் பாக்குற கண்ணாடி வேணும். திரும்ப சூடு காட்டி, சூடு ஆறுறதுக்குள்ள மெதுவா உரி, ஓரளவு வரும், பசை அங்கேயே நிக்கும், புது வள்ளுவர கொஞ்சம் பெருசா வெட்டி அது மேலயே ஒட்டிரு. அளவு வேணும்னா அடிக்கு கால் இஞ்ச்னு போடு: பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133 அடிக்கு முப்பத்து மூணேகால் இஞ்ச் வரும்.

கேள்வி: மாத்தூர் தொட்டிப்பாலம், 60 இஞ்ச் அகலம், 28 தூணும் வேணும். பட்டை பட்டையா வெட்டி சேக்கட்டா?

வேண்டாம். 28 தூண், நடுவுல 27 இடைவெளி, ஆக 55 பட்டை, 54 தையல். ஒவ்வொரு தையல்லயும் ரெண்டு பக்கமும் சேத்து ஒரு நூல் (அரைக்கால் இஞ்ச்) கூடப் பிடிச்சாலே கடைசில ஏழு இஞ்ச் பாலம் காணாம போயிரும். வானமும் காடும் பெரிய துணியா இருக்கட்டும், தூண மட்டும் மேல வச்சு தை. பாதி தூண தென்னை மரத்துக்குப் பின்னால மறைச்சிரு, யாரு எண்ணப் போறா. துணிய நனைச்சியா?

கேள்வி: தையல் சரியா வரல, ஏன்?

எந்த மெஷின், என்ன ஊசி, மேலயா அடியிலயா, ஒண்ணுமே எழுதல, நான் என்ன குறியா சொல்லுதேன்? அடியில நூல் கொத்தா வந்தா பாபின திட்டாத, தப்பு மேல் நூல்ல. ஃபுட்ட (துணிய அமுக்குற பாதம்) தூக்கி வச்சுட்டு முதல்லருந்து கோத்துப் பாரு. ஊசி மாத்தி எத்தன மாசம் ஆச்சு? மேல் துணி, நடுப் பஞ்சு, அடித்துணின்னு மூணு லேயர் தைக்க 14 நம்பர் ஊசி போடு.

கேள்வி: நடுவுல இலவம் பஞ்சு வைக்கலாமா?

தலகாணிக்கு வை. குயில்ட்டுக்குள்ள உருண்டு ஒரு மூலைக்குப் போயிரும். வாடிங் ஷீட் (நடுவுல வைக்குற பஞ்சு விரிப்பு) கெடைக்கலன்னா பழைய காட்டன் போர்வை போதும், துவைச்சுத் துவைச்சு சுருங்கி முடிஞ்சதா இருக்கணும்.

கேள்வி: புதுத் துணிய நனைச்சே ஆகணுமா? நேரம் இல்ல.

மூணு மாசம் உக்காந்து தைக்க நேரம் இருக்கு, ஒரு பக்கெட் தண்ணிக்கு நேரம் இல்லியா? இதே கேள்விக்கு எத்தன தடவ எழுதிட்டேன், திரும்பவும் சொல்லுதேன். புது காட்டன் நூறு இஞ்சுக்கு மூணுலருந்து அஞ்சு இஞ்ச் வரைக்கும் சுருங்கும், கோரா துணி அதுக்கும் மேல. ஒண்ணு சுருங்கும், பக்கத்துல இருக்கது சுருங்காது, முதல் துவைப்புலயே படம் கோணிக்கும், அப்புறம் எந்த இஸ்திரிப் பொட்டியாலயும் நிமித்த முடியாது. சாயம் அத விட மோசம். எனக்க சின்னவ பொறந்தப்போ தொட்டிலுக்குன்னு ஒண்ணு தச்சேன், வெள்ளை அலை மேல சிவப்புப் படகு, கடைக்காரர் சாயம் போகவே போகாதுன்னு சத்தியம் பண்ணினார், நானும் நம்பி நனைக்காம வெட்டினேன். ஒரே துவைப்பு, கடல் முழுக்க ரோஸ் மில்க். அன்னைக்குத் தொட்டு எந்தத் துணியும் நனையாம எனக்க கத்திரிக்குப் பக்கத்துல வராது. சிவப்பு, நீலம், மெரூன் எதுன்னாலும் ஒரு துண்டு வெட்டி வெள்ளைத் துணியோட சூடுதண்ணி டம்ளர்ல அரை மணி நேரம் போடு, வெள்ளை வெள்ளையா இருந்தா மட்டும் தை. உப்பு போட்டா சாயம் பிடிக்கும், வினிகர் ஊத்தினா பிடிக்கும்னு சொல்றத நம்பாத, கடைல வாங்கின துணில அது நடக்காது. நனைச்சு, காயவச்சு, லேசா ஈரம் இருக்கும்போதே தேச்சு, அப்புறம்தான் கத்திரி.

கேள்வி: பேக்கிங் துணி (குயில்ட்டோட அடித்துணி) சரி அளவுக்கு வெட்டிட்டேன், பரவால்லியா?

பரவாயில்லாம இல்ல. நாலு பக்கமும் மூணு நாலு இஞ்ச் கூட வேணும். ஓரத்துல துண்டு சேத்து, நடுவுலருந்து வெளிய பார்த்து தச்சுட்டு வா.

கேள்வி: குயில்ட்ட எப்போ துவைக்க? குலசேகரத்துல ஓயாம மழை.

மாசி, பங்குனி. நமக்கு ஆனி ஆடிலயும் மழை, ஐப்பசிலயும் மழை, உள்ள ஈரம் நின்னா பூஞ்சை வந்துரும்.