முன்வரிசைக்கு மும்மடங்கு விலை தகுமா? நெடுநாள் இசை ரசிகர் ஒருவரின் கேள்விகள்

கேள்வி: பள்ளி நாள்களிலிருந்து ஒரே இசைக்குழுவின் மேடை நிகழ்ச்சிகளுக்குச் சென்றுவருகிறேன். அடுத்த நிகழ்ச்சிக்கு நடுப்பகுதி இருக்கையைப் போல மூன்று மடங்கு விலையை முன்வரிசைக்கு வைத்திருக்கிறார்கள். அவ்வளவு கொடுத்து வாங்கலாமா?

பதில்: பாடகரின் முகத்தையும் வாசிப்பவரின் விரல்களையும் அருகிலிருந்து காண்பதுதான் உங்கள் விருப்பம் என்றால், அந்த விருப்பத்துக்கு ஈடாக வேறு இருக்கை கிடையாது; தாராளமாக வாங்குங்கள். நல்ல ஒலிக்காகத்தான் கூடுதல் பணம் தருகிறீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம். பெரிய அரங்குகளில் முதன்மை ஒலிபெருக்கிகளை மேடையின் இருபுறமும் உயரத்தில் தொங்கவிட்டு, கூட்டத்தின் பெரும்பகுதியை நோக்கித் திருப்பியிருப்பார்கள். முன்வரிசை பெரும்பாலும் அவற்றின் வீச்சுக்குக் கீழே அமைந்துவிடுவதால், அங்கே மேடை விளிம்பில் வைத்த சிறிய ஒலிபெருக்கிகளின் ஒலியும், மேடையிலிருந்து நேரடியாக வரும் டிரம்ஸ், கிட்டார் ஒலியும் கலந்து கேட்கும். குரல் அடங்கித் தாளம் ஓங்கி நிற்பது அதனால்தான்.

ஒலியைக் கலந்து சமன்படுத்தும் பொறியாளர், வழக்கமாக அரங்கின் நடுவில் சற்றுப் பின்தள்ளி அமர்ந்து, தம் காதில் விழுவதைக் கொண்டே எந்தக் கருவி எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்பதை முடிவுசெய்கிறார். ஆகவே அவருடைய மேசைக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டை ஒட்டிய இருக்கைகளே ஒலிக்கு நல்லவை. மேல்மாடத்துக்கு அடியில் ஆழமாக உள்ள வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள். உயரத்தில் தொங்கும் ஒலிபெருக்கிகளின் ஒலி அங்கே நேராக வந்து சேராததால் இசை மங்கிப்போகும். திறந்தவெளி மைதானத்தில் கடைசிப் பகுதியில் நின்றால் மற்றொரு சங்கடம் உண்டு: ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 100 மீட்டர் தொலைவில் நிற்பவருக்குப் பாடகரின் உதடு அசைந்து 0.3 நொடி கழித்தே குரல் கேட்கும். இடையில் நிறுத்தப்படும் ஒலிபெருக்கிக் கோபுரங்கள் தெளிவைக் கூட்டுமே தவிர இந்தப் பின்னடைவை நீக்குவதில்லை. ஒலிபெருக்கியே இல்லாமல் நடக்கும் சிறிய அரங்கு நிகழ்ச்சிகளுக்கு மேற்சொன்ன கணக்கு பொருந்தாது.

‘விஐபி’ தொகுப்பு என்றால் அதில் அடங்கியவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். கலைஞரைச் சந்திக்கலாம் என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருக்காவிட்டால், சந்திப்பு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சில நிமிடங்களில் டிக்கெட் தீர்ந்துவிட்டது, மறுவிற்பனைத் தளங்களிலோ ஏராளமாகக் காட்டுகிறார்கள். நம்பலாமா?

பதில்: அங்கே காட்டப்படும் எல்லா டிக்கெட்டும் விற்பவரின் கையில் இருப்பதாக எண்ண வேண்டாம். பின்னர் எப்படியாவது வாங்கித் தந்துவிடலாம் என்ற எண்ணத்தில், இல்லாத டிக்கெட்டை முன்கூட்டியே பட்டியலிடுவோர் உண்டு. அதிகாரபூர்வ விற்பனை தொடங்கும் முன்பே டிக்கெட் விற்பனைக்கு வந்திருப்பதும், வரிசை எண்ணோ இருக்கை எண்ணோ இல்லாமல் பகுதியை மட்டும் குறிப்பிட்டிருப்பதும் அதற்கான அடையாளங்கள். திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) அனுப்பப்படும் டிக்கெட்டுக்குப் பணம் தராதீர்கள். பல டிக்கெட்டுகளின் பார்கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பதால் அந்தப் படம் வாயிலில் செல்லாது. செயலியின் வழியே உங்கள் கணக்குக்கு மாற்றித் தருபவரிடம் மட்டும், அதுவும் பின்னர் முறையிட வழியுள்ள கடன் அட்டை மூலம் வாங்குங்கள்.

சட்டப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறுகிறது. அயர்லாந்து 2021-இல் பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதையே தடைசெய்தது. எல்லா நாடுகளிலும் அந்த அளவுக்குக் காப்பு இல்லை.

நெடுநாள் ரசிகர்களுக்கு நான் முதலில் சொல்வது, பதற்றப்பட வேண்டாம் என்பதே. மேடை அமைப்புக்காகவும் கேமராக்களுக்காகவும் ஒதுக்கிவைக்கும் இருக்கைகளில் தேவைப்படாதவற்றை அமைப்பாளர்கள் நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்பு, சில வேளைகளில் அன்றைக்கே, சாதாரண விலையில் விற்பனைக்கு விடுகிறார்கள். உங்களைப் போன்றோரின் தவிப்பைக் கணக்கிட்டுத்தான் முதல் நாளில் மறுவிற்பனை விலை ஏற்றப்படுகிறது. அதிகாரபூர்வத் தளத்தைக் கடைசி வாரத்தில் அடிக்கடி பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

கேள்வி: நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: ரத்தானால் டிக்கெட் விலை பொதுவாகத் திரும்பும், சேவைக் கட்டணம் திரும்புமா என்பது விதிமுறையைப் பொறுத்தது. தள்ளிவைக்கப்பட்டால் குறிப்பிட்ட கெடுவுக்குள் நீங்களே கேட்க வேண்டியிருக்கும். கேட்காவிட்டால் புதிய தேதிக்கு டிக்கெட் செல்லும் என்று வைத்துக்கொள்வார்கள். மறுவிற்பனையில் வாங்கியிருந்தால் அமைப்பாளர் தரும் பணம் முதலில் வாங்கியவருக்கே போகும் என்பதால், உங்கள் கோரிக்கையை மறுவிற்பனைத் தளத்திடம் வைக்க வேண்டும். பயணச் செலவும் தங்கும் செலவும் உங்களுடையவை.

கேள்வி: ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் காதில் இரைச்சல் கேட்கிறது. இசை கேட்பதற்கென்று விற்கும் காதடைப்பான் வாங்குவது வீண் செலவா?

பதில்: வீண் செலவு அல்ல, டிக்கெட்டுக்கு அடுத்தபடியாக நீங்கள் வாங்க வேண்டிய பொருள் அதுதான். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது பணியிடங்களுக்கான பரவலான வரையறை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைவதால், 100 டெசிபலில் 15 நிமிடமே மிஞ்சுகிறது. உலக சுகாதார அமைப்பு 2022-இல் இசை அரங்குகளுக்குப் பரிந்துரைத்த உச்ச வரம்பும், 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல்தான். நிகழ்ச்சியோ இரண்டு மணி நேரம் நடக்கிறது.

சாதாரண நுரை அடைப்பான் காதைக் காக்கும், ஆனால் உச்ச சுருதிகளை அதிகம் விழுங்கிவிடுவதால் இசை கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். வடிகட்டி பொருத்திய அடைப்பான், எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். உறையில் எத்தனை டெசிபல் குறைக்கும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். எண்ணே குறிப்பிடாத பொருளைத் தவிர்த்துவிடுங்கள். காதின் அச்செடுத்துச் செய்து தருவதற்கு விலை அதிகம். அடிக்கடி செல்பவருக்கு மட்டுமே அது தேவை. இரைச்சல் ஓரிரு நாளில் அடங்காவிட்டால், அடுத்த டிக்கெட்டை வாங்குவதற்கு முன் காது மருத்துவரைப் பாருங்கள்.